'ஃப்ரெண்ட்லி' என்ற ஒரே சொல் போதுமா?

கடந்த ஆண்டு என் தாத்தா காலமானார். கிள்ளானில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, மாமா என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்.

"மெல்பர்ன்ல இருக்கிற பிள்ளைங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாத்தா எப்படிப்பட்ட மனுசன்னு இங்கிலீஷ்ல ஒரு பத்து வரி எழுதிக் குடும்மா. அவங்க வச்சிருக்கட்டும்."

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு, பிறகு புகுமுக வகுப்பு. இப்போது பாடங்களை ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். மூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வையும் எழுதித் தேறியவள். பத்து வரி என்ன பெரிய காரியம் என்று மடிக்கணினியைத் திறந்தேன். முதல் வரி உடனே வந்தது: 'ஹி வாஸ் எ வெரி ஃப்ரெண்ட்லி மேன்.' அவர் மிகவும் நட்பான மனிதர்.

அத்துடன் கை நின்றுவிட்டது.

அந்த வரியில் பொய் இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் என் தாத்தாவும் அதில் இல்லை. அதே வரியை வங்கி முகப்பில் நிற்பவருக்கும் எழுதலாம், விமானப் பணிப்பெண்ணுக்கும் எழுதலாம், பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட எழுதலாம். தாத்தாவை நன்றாக அறியாத மூன்று பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி மிஞ்சப்போவது நான் எழுதும் பத்து வரிதான். அதில் ஒரு வரியை வீணாக்கிவிட்டோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

இது எனக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல என்பது அடுத்த சனிக்கிழமையே தெரிந்தது.

சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்ஸில் படிவம் 4, படிவம் 5 மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் ஒரு சிறு வகுப்பில் நானும் உதவி செய்கிறேன். பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள். அன்று அவர்களிடம், "உங்களுக்குப் பிடித்த அக்கம்பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள்" என்றேன். எழுதிக் கொடுத்த தாள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. பாட்டி ஃப்ரெண்ட்லி, ஆசிரியர் ஃப்ரெண்ட்லி, கோயில் குருக்கள் ஃப்ரெண்ட்லி. ஒரு மாணவன் மட்டும் மாற்றி 'நைஸ்' என்று எழுதியிருந்தான்.

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951-இல் தொடங்கப்பட்டது. அதனால் அந்த வட்டாரத்தில் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களை நாள்தோறும் பார்க்கலாம். நடைபாதையில் அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களையும் பார்க்கலாம். வகுப்பில் ஒரு மாணவன், சாலையோரத்தில் வடையும் கறிபாப்பும் விற்கும் ஒரு பெரியவரைப் பற்றி எழுதியிருந்தான். 'ஹி இஸ் எ ஃப்ரெண்ட்லி மேன்.'

"அவர் உன்னிடம் நன்றாகப் பேசுவாரா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. பேசவே மாட்டாரு. கடுகடுன்னுதான் இருப்பாரு."

"அப்புறம் எப்படி ஃப்ரெண்ட்லி?"

"கண்ணு தெரியாதவங்க யாராவது ரோட்டுக்கிட்ட வந்து நின்னா, கடைய அப்படியே விட்டுட்டு ஓடிப்போயி கையப் புடிச்சு அந்தப் பக்கம் விட்டுட்டு வருவாரு. எண்ணெய் கொதிச்சிட்டு இருந்தாலும் போவாரு. ஆனா சிரிக்க மாட்டாருக்கா."

வகுப்பே ஒரு கணம் அமைதியாகிவிட்டது. அந்தப் பையன் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதத் திணறியவன். தமிழில் பேசும்போது ஒரு மனிதரை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அவனுக்குக் கவனிக்கத் தெரியும், சிந்திக்கவும் தெரியும். அவனுக்கு ஆங்கிலத்தில் இருந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லும் அந்த மனிதருக்குப் பொருந்தாத சொல்.

ஏனென்றால் அந்த வடைக்கடைக்காரர் 'ஃப்ரெண்ட்லி' அல்ல. அவர் 'கைண்ட்'. ஃப்ரெண்ட்லி என்பது ஒருவர் நம்மிடம் பழகும் முறையைச் சொல்வது: சிரித்த முகம், இணக்கமான பேச்சு. கைண்ட் என்பது ஒருவர் பிறருக்காகச் செய்வதைச் சொல்வது. சிரித்துப் பேசிவிட்டு உதவி என்றதும் நழுவுகிறவரை ஃப்ரெண்ட்லி என்று சொல்லலாம், கைண்ட் என்று சொல்ல முடியாது. சிரிக்காமலே ஓடி வந்து கையைப் பிடிப்பவர் கைண்ட். இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. முகம் மட்டும் மலர்ந்தால் அது நட்பாகிவிடாது, உள்ளமும் மலர வேண்டும் என்று வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் சொன்னதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். அதை ஆங்கிலத் தாளுக்குக் கொண்டுபோகத்தான் நமக்குத் தோன்றுவதில்லை.

சரி, ஃப்ரெண்ட்லி போதாது என்றால் என்ன செய்வது? நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். தேர்வுக்கு முன் 'உயர்தரச் சொற்கள்' என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வது. ஃப்ரெண்ட்லி என்பதற்கு எதிரே ஏமியபிள், ஆமிக்கபிள், ஆஃபபிள், ஜீனியல் என்று வரிசையாக இருக்கும், நடுவில் சமக்குறி போட்டிருக்கும். எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வோம்.

நானும் அப்படி நினைத்தவள்தான். படிவம் 5-இல் 'நான் போற்றும் மனிதர்' என்ற ஆங்கிலக் கட்டுரையில், தாத்தாவைப் பற்றி 'ஹி இஸ் எ ஆமிக்கபிள் மேன்' என்று எழுதினேன். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: 'உன் தாத்தா என்ன, நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்த வழக்கா?' எனக்குப் புரியவில்லை. அவமானமாக மட்டும் இருந்தது. பிறகு அகராதியைப் பார்த்தபோதுதான் சிரிப்பு வந்தது.

ஏமியபிள், ஆமிக்கபிள் இரண்டும் எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டாவதன் நடுவில் ஒரு 'சி' எழுத்து அதிகம், அவ்வளவுதான். இரண்டுக்கும் வேரும் ஒன்றே: நண்பன் என்று பொருள்படும் இலத்தீன் சொல். ஆனால் ஆங்கிலத்தில் இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. ஏமியபிள் மனிதரைக் குறிப்பது: இனிய சுபாவம் உள்ளவர், எளிதில் விரும்பப்படுபவர். ஆமிக்கபிள் பெரும்பாலும் உடன்பாட்டையும் பிரிவையும் பேச்சுவார்த்தையையும் குறிப்பது. இரண்டு கடைக்காரர்கள் கூட்டுத் தொழிலைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டால் அந்தப் பிரிவு ஆமிக்கபிள். நீதிமன்றத்துக்குப் போகாமல் சுமுகமாக முடிந்த வழக்கின் தீர்வும் ஆமிக்கபிள். தமிழில் 'சுமுகமான' என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு 'சி' உள்ள சொல்லைப் போடுங்கள். 'இனிய சுபாவமுள்ள' என்று யாரைச் சொல்கிறோமோ அவருக்கு 'சி' இல்லாத சொல்லைப் போடுங்கள்.

ஆஃபபிள் என்ற சொல்லுக்கு நடுவில் இரண்டு 'எஃப்'. இதன் வேர், 'பேசு' என்று பொருள்படும் இலத்தீன் வினை. அணுகிப் பேச எளிதானவர் என்பது இதன் கருத்து. பெரும்பாலும் பதவியிலோ வயதிலோ மேலே இருப்பவர், கீழே இருப்பவர்களிடம் கெடுபிடி இல்லாமல் பேசும்போது இந்தச் சொல் அழகாகப் பொருந்தும். உங்கள் தலைமையாசிரியரின் அறைக்குள் பயமில்லாமல் நுழைந்து பேச முடிகிறதா? அவர் ஆஃபபிள். 'முகங்கொடுத்துப் பேசுபவர்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தில், மக்கள் எளிதில் சென்று காணக்கூடியவனும் கடுஞ்சொல் பேசாதவனுமான மன்னனை வள்ளுவர் போற்றுகிறார். அந்த மன்னனுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் பெயர் வை என்றால் நான் ஆஃபபிள் என்றுதான் வைப்பேன்.

ஜீனியல் என்பது இன்னும் கொஞ்சம் வெளிச்சமான சொல். உற்சாகமும் அன்பும் சேர்ந்தவர். வீட்டுக்கு வந்தவர்களை வாசலிலேயே வரவேற்று, உட்கார வைத்து, "பசியாறிட்டுத்தான் போகணும்" என்று வற்புறுத்தும் மாமாவுக்குப் பொருந்தும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் நிற்கும் நல்ல வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்காது.

இப்படிப் பார்த்தால் அந்தப் பட்டியலில் இருந்த சமக்குறிகள் எல்லாம் தவறு. அந்தச் சொற்கள் ஒரே தெருவில் குடியிருப்பவை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண் வேறு.

மாணவ நண்பர்களே, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகும் வாக்கியத்தில் வைக்கும்போது நாம் தடுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. மூன்று மொழிகளில் படிப்பவர்கள் நாம். ஒரு மொழியின் பழக்கம் இன்னொன்றில் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

முதலாவது, தமிழிலிருந்து வருவது. 'ஹி இஸ் எ ஃப்ரெண்ட்லி' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். காரணம் இருக்கிறது. தமிழில் 'அவர் நல்லவர்' என்றால் 'நல்ல' என்ற பண்பும் அந்த மனிதரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் பண்புச்சொல்லுக்குள் மனிதர் இல்லை. ஆகவே ஒன்று, 'எ' என்பதை எடுத்துவிட்டு 'ஹி இஸ் ஃப்ரெண்ட்லி' என்று எழுத வேண்டும். அல்லது 'எ'யை வைத்துக்கொண்டு கடைசியில் மேன், பெர்சன் போன்ற ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, மலாய்மொழியிலிருந்து வருவது. 'டியா சங்காட் பெராமா' என்பது முழுமையான, சரியான மலாய் வாக்கியம். அதை அப்படியே மாற்றினால் 'ஹி வெரி ஃப்ரெண்ட்லி' என்று வரும். ஆங்கிலத்தில் நடுவில் 'இஸ்' இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது.

மூன்றாவது, சொல்லின் வாலைப் பார்த்து ஏமாறுவது. குவிக்லி, ஸ்லோலி என்பவை வினையை விவரிப்பவை. அதே போல 'லி' என்று முடிவதால் ஃப்ரெண்ட்லியையும் அப்படிப் பயன்படுத்தி, 'ஹி டாக்ஸ் ஃப்ரெண்ட்லி' என்று எழுதுகிறோம். நாம் பேச்சில் 'ஃப்ரெண்ட்லியா பேசுவாரு' என்று சொல்லிச் சொல்லிப் பழகியதும் ஒரு காரணம். ஆனால் ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி போன்றவை மனிதரையும் பொருளையும் விவரிக்கும் சொற்கள். ஆகவே 'ஹி டாக்ஸ் இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது, சிறியது. ஏமியபிள், ஆஃபபிள் இரண்டும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. ஆகவே முன்னால் 'எ' அல்ல, 'ஆன்' வர வேண்டும். படிவம் 5-இல் நான் ஆமிக்கபிள் என்று எழுதியபோது இந்தப் பிழையையும் சேர்த்தே செய்திருந்தேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு வட்டம்!

ஐந்தாவது, நம் மலேசிய ஆங்கிலத்திலிருந்து வருவது. 'அந்த டீச்சர் ரொம்ப ஸ்போர்ட்டிங்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மலாய் நண்பர்களும் 'சிக்கு இத்து ஸ்போர்ட்டிங்' என்பார்கள். கேலி செய்தாலும் கோபப்படாதவர், மாணவர்களோடு சேர்ந்து சிரிப்பவர் என்பது நம் பொருள். நம் நாட்டுக்குள் இது எல்லோருக்கும் புரியும் நல்ல சொல். ஆனால் வெளிநாட்டு வாசகர் ஒருவர் இதைப் படித்தால், அந்த ஆசிரியர் ஓட்டப்பந்தயத்தில் ஓடுபவர் என்றோ, போட்டியில் நேர்மையாக நடப்பவர் என்றோ எண்ணிக்கொள்வார். எனவே நண்பர்களோடு பேசும்போது ஸ்போர்ட்டிங் இருக்கட்டும். தேர்வுத்தாளிலும் விண்ணப்பக் கடிதத்திலும் வேறு சொல் வேண்டும். அது என்ன சொல் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த அகராதியும் அல்ல.

இதற்கிடையே ஓர் அறிவுரையைப் பற்றிப் பேசியாக வேண்டும். "ஆங்கிலம் வர வேண்டுமா? ஆங்கிலத்திலேயே சிந்தி, தமிழை மறந்துவிட்டு எழுது" என்று நம்மிடம் பலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அதில் உண்மையும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் கட்டி, பிறகு சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மேலே சொன்ன பிழைகள்தான் வரும். சரளமாகப் பேச அந்த மொழியிலேயே நிறையக் கேட்கவும் படிக்கவும் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு மனிதரை விவரிக்கும்போது மட்டும் இந்த அறிவுரையைத் தலைகீழாக வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கையில் ஒரே ஒரு சொல் இருக்கும் மொழியில் சிந்தித்தால், எல்லா மனிதர்களும் அந்த ஒரே சொல்லாகத்தான் தெரிவார்கள். நம் தமிழில் நல்ல மனிதர்களுக்கு எத்தனை பெயர்கள்! பழக இனியவர், கலகலப்பானவர், முகங்கொடுத்துப் பேசுபவர், தங்கமான மனசுக்காரர், வெள்ளந்தி, சாது. பலாப்பழம் மாதிரி என்றும் சொல்வோம். நம் ஊரில் டுரியான் மாதிரி என்றாலும் குற்றமில்லை: வெளியே முள், உள்ளே இனிப்பு. இவர்கள் எல்லோரும் ஒருவர் அல்லர். கலகலப்பானவர் எல்லோரும் சாது அல்லர். வெள்ளந்தி எல்லோரும் கலகலப்பானவர் அல்லர்.

மலாயிலும் இப்படித்தான். பெராமா என்றால் நட்போடு பேசிப் பழகுபவர். மூரா செஞ்யூம் என்றால் புன்னகையை மலிவாக, அதாவது தாராளமாகக் கொடுப்பவர். மூரா ஹாத்தி என்றால் மனம் தாராளமானவர், வள்ளல் குணம் உள்ளவர். புன்னகையைத் தாராளமாகக் கொடுப்பவர் எல்லாம் பணத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடுவதில்லை என்பதை அந்த மொழியும் அறிந்தே வைத்திருக்கிறது.

ஆக, தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வளம் குறைவு என்று சொல்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மனிதர்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இரண்டு மொழிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அது இல்லாதவனுக்கு நூறு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் எதை யாருக்கு வைப்பது என்று தெரியாது. அது இருப்பவனுக்கு ஏழெட்டுச் சொல் போதும்.

எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியில் ஏறக்குறைய 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறார்கள். எண்பதே சொல்லில் ஒரு நண்பரைப் பற்றியோ ஆசிரியரைப் பற்றியோ சொல்ல வேண்டி வந்தால், அங்கே 'வெரி வெரி ஃப்ரெண்ட்லி' என்று எழுதுவது மூன்று சொல் செலவு, வரவு ஒன்றுமில்லை. நைஸ் என்று எழுதினாலும் அதே கதைதான். அந்தச் சொல்லின் வரலாறே வேடிக்கையானது. 'அறியாதவன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்து, இடைக்கால ஆங்கிலத்தில் மூடன் என்ற பொருளில் வழங்கி, பிறகு எத்தனையோ பொருள் மாறி, இன்று எதற்கும் பொருந்தும் சொல்லாகிவிட்டது. எதற்கும் பொருந்துவது யாரையும் காட்டாது.

இனி என் தாத்தாவிடம் வருகிறேன்.

மாமா கேட்ட பத்து வரி ஒரு வாரமாக அந்த முதல் வரியிலேயே நின்றது. பட்டறையை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் நானும் போனேன். பக்கத்துக் கோப்பிக் கடைக்காரர், நாங்கள் சிறுவயது முதல் 'அங்கிள்' என்று கூப்பிடும் சீனப் பெரியவர், எங்களைப் பார்த்ததும் கடையை விட்டு வெளியே வந்தார். இந்த நாட்டில் ஆங்கிலவழிப் பள்ளிகள் இருந்த காலத்தில் படித்தவர். சொந்த ஊர் ஜொகூர். சிலாங்கூர் காற்பந்துக் குழு தோற்ற மறுநாள் காலையில் எல்லாம், சிலாங்கூரின் தீவிர ரசிகரான என் தாத்தாவைக் கேலி செய்வதற்கென்றே பட்டறை வாசலில் வந்து நிற்பவர். தாத்தா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அவரோடு சேர்ந்து தன்னையே கேலி செய்து சிரிப்பார். பிறகு இருவரும் கோப்பி குடிப்பார்கள். சின்ன வயதில் நான் எத்தனையோ முறை பார்த்த காட்சி.

அங்கிள் பூட்டிய பட்டறையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யுவர் தாத்தா ஆ, வெரி குட்-நேச்சர்ட் மேன். ஃபார்ட்டி இயர்ஸ் ஐ டீஸ் ஹிம். நாட் ஒன்ஸ் ஹி காட் ஆங்ரி."

நாற்பது வருடம் கேலி செய்தேன், ஒரு முறைகூடக் கோபப்படவில்லை.

இலக்கணம் பார்த்தால் அந்த மூன்று வாக்கியத்திலும் பிழை சொல்லலாம். தேர்வுத்தாளாக இருந்தால் மதிப்பெண் போயிருக்கும். ஆனால் ஒரு வாரமாக நான் தேடிய சொல் அவர் வாயில் சாதாரணமாக இருந்தது. குட்-நேச்சர்ட். இயல்பிலேயே நல்லவர், சீண்டினாலும் சினம் வராதவர், சின்ன விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளாதவர். நாம் ஸ்போர்ட்டிங் என்று சொல்ல வருவதற்கு நல்ல ஆங்கிலத்தில் இருக்கும் சொல் இதுதான். 'எ குட் ஸ்போர்ட்' என்றும் சொல்லலாம். கேலியையும் தோல்வியையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்பவர் என்று பொருள். குட்-ஹியூமர்ட் என்று ஒரு நெருங்கிய சொல்லும் உண்டு. நம் சித்த மருத்துவம் வாத, பித்த, கபத்தைச் சொல்வது போல, பழைய ஐரோப்பிய மருத்துவம் உடலில் நான்கு நீர்மங்கள் இருப்பதாக நம்பியது. அவை சமநிலையில் இருந்தால் மனநிலையும் நன்றாக இருக்கும் என்ற கருத்திலிருந்து அந்தச் சொல் வந்தது. குட்-ஹியூமர்ட் அந்த நேரத்து மகிழ்ச்சியையும் குறிக்கலாம். குட்-நேச்சர்ட் பிறவிக் குணத்தைக் குறிப்பது. தாத்தாவுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் நடுவில் சிறுகோடு போட மறக்காதீர்கள்.

அந்தச் சொல் அங்கிளிடம் ஏன் இருந்தது? அவர் பட்டியலை மனப்பாடம் செய்ததால் அல்ல. நாற்பது ஆண்டுகள் பக்கத்துக் கடையில் இருந்து ஒரு மனிதரைப் பார்த்ததால். அதை விட முக்கியமாக, சொல்லைச் சொன்னதும் சும்மா நிற்காமல், அடுத்த வாக்கியத்தில் அதற்குச் சான்றும் கொடுத்தார். அன்று இரவே நான் பத்து வரியையும் எழுதி முடித்தேன். 'ஹி வாஸ் எ குட்-நேச்சர்ட் மேன்' என்று தொடங்கி, சிலாங்கூர் தோற்ற காலைகளையும் ஸ்பேனரையும் கோப்பியையும் எழுதினேன். ஃப்ரெண்ட்லி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, தாத்தாவை வாழ்நாளில் நான்கைந்து முறைதான் பார்த்திருந்த மாமா மகனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. தாத்தா அவ்வளவு தோல்விக்குப் பிறகும் அந்தக் குழுவை ஏன் விடவில்லை என்று கேட்டிருந்தான். தாத்தாவைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மெனக்கெட்டது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒரு சிறு பயிற்சி. உங்களுக்குப் பிடித்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில அகராதியைத் திறக்கும் முன், அவரைப் பற்றி ஒரு நண்பரிடம் சொல்வது போலத் தமிழில் மூன்று வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அவர் பேசுவதில் இனியவரா, செய்வதில் நல்லவரா, அணுக எளியவரா, சீண்டினால் சிரிப்பவரா என்பது அப்போதே தெரிந்துவிடும். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அகராதியில் பொருளோடு நிறுத்தாமல், கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். அந்தச் சொல் மனிதருக்கு வருகிறதா, உடன்பாட்டுக்கு வருகிறதா என்பதை அதுதான் காட்டும். கடைசியாக, அந்தச் சொல்லுக்குச் சான்றாக அவர் செய்த ஒரு காரியத்தை அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் அந்தப் பையனிடமும் இதையே சொன்னேன். அவன் தன் தாளில் முதல் வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான். அந்தப் பெரியவர் அதிகம் சிரிக்க மாட்டார், ஆனால் அவர் கைண்ட் என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி. பார்வையற்றவர்களுக்காக எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு ஓடுவார் என்று அடுத்த வரி. இரண்டு வாக்கியத்திலும் 'உயர்தரச் சொல்' ஒன்றுகூட இல்லை. ஒரே ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்து கே.எல். சென்ட்ரலுக்குத் திரும்பும் வழியில் அந்த வடைக்கடையில் நின்று இரண்டு கறிபாப் வாங்கினேன். அவன் சொன்னது உண்மைதான். அவர் சிரிக்கவில்லை.